எச்பிவி மேசைக்குப் பின்னால்

ஜெர்மனியில் எங்கள் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூட வாசலில் எச்பிவி வைரஸ் தடுப்பூசி பற்றித் துண்டுப்பிரசுரம் கொடுக்கிற என்னைக் கண்டதும், அடிக்காத போன் எல்லாம் காதுக்குப் போய்விடும். வாசலில் நின்று கையெழுத்துக் கேட்ட பாவிகளே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

இல்லாத உறுப்பு

லூக்காஸ் இயந்திரவியல் படிக்கிறவன். "கருப்பை வாய்ப் புற்றுநோயா? எனக்குக் கருப்பை இல்லையே" என்று சிரித்தான். தொண்டை இருக்கிறதா என்று கேட்டேன். இந்த வைரஸ் உடலுறவால் ஆண்களுக்கும் தொற்றும், தொண்டையிலும் புற்றுநோய் வரலாம் என்று பத்து நிமிடம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "சரி, மேசையில இருக்கிற இலவசப் பேனா மட்டும் எடுக்கலாமா?"

நல்ல குடும்பம்

சென்னையிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்த கார்த்திக், "நான் டீசன்ட்டான ஃபேமிலிங்க, இதெல்லாம் தேவைப்படாது" என்றார். வைரஸ் குடும்பம் விசாரித்துவிட்டு வராது என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "ஒண்ணு குடுங்க. ஆனா என்னை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்றாதீங்க, அம்மா பார்ப்பாங்க."

எங்கள் வீட்டில்

ஊருக்கு உபதேசம் செய்கிறேன். என் தங்கை அபி இன்னும் ஊசி போடவில்லை! இந்த செமஸ்டர்தான் பல்கலைக்கழகம் சேர்ந்தவள், பதினெட்டு வயதாக இன்னும் ஐந்து கிழமை, ஒரு மாதம் சொச்சம்தான். அதற்குள் தொடங்கினால் ஊசி இலவசம், தொடங்காவிட்டால் காசு தரச் சொல்லி மருத்துவக் காப்புறுதிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டும். நான் கெஞ்சியவள், எனக்குத் தெரியும். அபியோ அம்மா வராமல் வரமாட்டாளாம்.

"கலியாணம் கட்டினாப் பிறகு பாப்பம்" என்றார் அம்மா. தொற்று வர முதலே போட்டால்தான் முழுப் பலன் என்று கத்தினேன். கடைசியில் உண்மைக் காரணம் வெளியே வந்தது. டோர்ட்மண்டில் எங்கள் சனம் முழுக்கப் போவது ஒரே தமிழ் டொக்டரிடம். அங்கே டெர்மின், அதாவது டொக்டரைப் பார்க்கிற நேரம், எழுதுகிறவர் சுமதி அன்ரி.

"ஊசி நோகாதடி. சுமதி எழுதினால், வெள்ளிக்கிழமை கோயில்ல என்ர பிள்ளையைப் பற்றித்தான் கதை."

நகரத்தின் மற்ற மூலை

ஒரு கிழமை சண்டை பிடித்து, தமிழரே இல்லாத பகுதியில் ஒரு ஜெர்மன் டொக்டரைப் பிடித்தேன். அம்மா, அபி, நான் மூன்று பேரும் ட்ராம் இரண்டு மாறிப் போனோம். வாசலில் அம்மா ஒருமுறை தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

காத்திருப்பு அறைக் கதவைத் திறந்தால், மூலையில் சஞ்சிகையால் முகத்தை மறைத்தபடி சுமதி அன்ரி! பக்கத்தில் அவருடைய மகள். மகளின் கையில் மஞ்சள் அட்டை போட்ட தடுப்பூசிப் பதிவுப் புத்தகம். அம்மா திரும்பி ஓடப் பார்த்தார், நான் கதவை மறித்து நின்றேன். சுமதி அன்ரி சஞ்சிகையை மெல்ல இறக்கினார்.

"எங்கட இடத்தில போட்டால் சனம் கதைக்குமக்கா. நீங்கள் என்னைக் காணேல்லை, நானும் உங்களைக் காணேல்லை, என்ன?"

அபிக்கு முதல் ஊசி போட்டாயிற்று: ஒரு செமஸ்டர் முழுக்க என் துண்டுப்பிரசுரங்களால் முடியாததை, ஒருவருக்கொருவர் பயந்து ஓடிய இரண்டு தாய்மார் ஒரே காலையில் முடித்துவிட்டார்கள்.