ஓடுபாதைக்குக் கீழே எங்கள் காணி

லிஃப்டில் ஏறப் பயந்து வெள்ளவத்தை ஃபிளாட்டின் நாலு மாடியையும் நடந்தே ஏறுகிற அத்தை, விமானத்தில்தான் ஊருக்குப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பஸ்ஸில் போகலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அத்தை கேட்கவில்லை. துணைக்கு நான் என்று முடிவானதும் வகுப்பு முழுக்கச் சொல்லித் தீர்த்தேன்.

விமானத்தளம் வடக்கில் எங்கள் ஊருக்குள் இருந்தது. சரியாகச் சொன்னால், எங்கள் ஊர்தான் அதற்குள் இருந்தது. உலக யுத்தக் காலத்தில் ஓடுபாதை போட வந்த வெள்ளைக்காரர், அத்தையின் பாட்டனாருடைய தோட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்து அவர்கள் போனார்கள். காணி திரும்பி வரவில்லை. பிறகு எங்கள் நாட்டுச் சண்டையில் தளம் பெருத்தபோது மீதித் தோட்டமும் வீடும் உள்ளே போயின. காணியின் உறுதிப் பத்திரம் அத்தையின் பெயரில்தான் இருந்தது. உள்ளே போகத்தான் அனுமதியில்லை. பயணிகள் விமானம் இறங்குகிறது என்று கேள்விப்பட்டதும் அத்தை கண்டுபிடித்த வழி இது.

இரத்மலானையில் விமானம் ஏறினோம். கடற்கரை ரயிலில் எப்போதும் யன்னலோரத்தை எனக்கு விடுகிற அத்தை அன்று விடவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தேன். விமானம் தாழ்ந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அந்தா பாரடி பிள்ளை, பனங்கூடல் தெரியுது. அதுக்கு இஞ்சாலதான் எங்கட கிணறு."

எனக்குப் புல்தான் தெரிந்தது. என்றாலும் தெரியுது, தெரியுது என்று துள்ளினேன்.

இறங்கியவர்கள் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். அத்தை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொதிக்கும் தாரில் நின்றார். இளம் சிப்பாய் ஒருவர் வந்து, இங்கே நிற்கக்கூடாது என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். வெள்ளவத்தைச் சந்தையில் பழகிய சிங்களம் அத்தைக்குக் கைகொடுத்தது.

"மேக அபே இடம," என்றார். இது எங்கள் காணி.

சிப்பாய் சிரித்தார். "ஒவ் அம்மே, மேக அபே இடம தமாய்," என்று அவரும் ஆமாம் போட்டு அதையே சொல்லி, அத்தையின் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆமிக்காரரே ஒத்துக்கொண்டுவிட்டார்! அத்தையின் போனைப் பறித்து அப்பாவுக்கு எடுத்து, காணி கிடைத்துவிட்டது என்று கத்தினேன். அத்தை ஏன் இன்னும் வெறுங்காலோடு அங்கேயே நிற்கிறார் என்பதுதான் விளங்கவில்லை. 'எங்கள்' என்றும் 'நம்முடைய' என்றும் தமிழில் இரண்டாக இருப்பது சிங்களத்தில் ஒரே சொல் என்று எனக்கு அப்போது தெரியாது.