சென்னியப்பனின் சுத்தமான துப்பாக்கி

போன வாரம் ஒரு துப்பாக்கியை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பதறாதீர்கள்... லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. என்னுடையதும் அல்ல.

கல்லூரித் தோழன் சென்னியப்பனுடையது. (ஊர், பேர் எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.) அன்னூர் பக்கம் வாழை போட்டிருக்கிறான். காட்டுப்பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. தேர்தல் அறிவித்தால் இவற்றையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் – தெரியும்தானே? தேர்தல் முடிந்தது. காலையிலேயே போன் செய்தான்.

"காரை எடுத்துட்டு வாடா. பஸ்ஸுல கொண்டுபோனா சனங்க பயந்துக்குவாங்க."

எவ்வளவு பொறுப்பான மனுஷன்!

ஸ்டேஷனில் ஏட்டையா துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, "இத்தனை துப்பாக்கி வந்துச்சுங்க. மத்ததெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்குது. இது ஒண்ணுதானுங்க கண்ணாடியாட்டம் இருக்குது" என்றார். சென்னியப்பன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தரம் திறந்து பார்த்தான். குழல் வானத்தைப் பார்க்கத் தோளில் மாட்டிக்கொண்டான். எதிர்ப் பேக்கரிக்கு டீ குடிக்க நடந்தோம். ரோட்டில் வண்டிகள் நின்று வழிவிட்டன. பெஞ்ச் காலியானது. எங்களுக்குத்தான் முதல் டீ. எனக்கும் பிடித்திருந்தது – மறைப்பானேன்?

ஒருவர் ஆசையாகக் கேட்டார். "ஏனுங்க, கொஞ்சம் கையில வாங்கிப் பாக்கலாங்களா?"

"தப்பா நெனைக்காதீங்க. லைசென்ஸ் என் பேர்ல இருக்குதுங்க. அடுத்தவங்க தொடக் கூடாதுங்க."

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இவனைப் போல இருந்துவிட்டால்... என்று பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு முதல் வரிகூட மனசுக்குள் எழுதிவிட்டேன்.

வீட்டில் அவன் மனைவி சுலோச்சனா கேட்டைத் திறந்தாள். முதலில் காரின் பின்சீட்டைத்தான் பார்த்தாள். அப்புறம் என்னை.

"வாங்ணா. நல்லா இருக்கீங்களா? காப்பி வெக்கட்டுங்களா?"

ஹாலுக்குப் புதிதாக இளம்பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. துப்பாக்கி மாட்டியிருந்த இடத்தில் மகளின் கல்யாணப் போட்டோ.

"கொக்கி எங்க?" என்றான் சென்னியப்பன்.

"பெயிண்ட் அடிக்கறப்பக் கழட்டிப்போட்டேனுங்க. பீரோவுலயே வெச்சுப் பூட்டிக்கலாமுன்னு..."

"எங்க?"

குரலை உயர்த்தவே இல்லை. அவள் சமையலறையிலிருந்து இரண்டு இரும்புக் கொக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். போட்டோ இறங்கியது. அவன் சுத்தியலை எடுத்தான். "கோணாமப் புடிடா" என்றான். பிடித்தேன். பச்சைப் பெயிண்ட் பொரிந்து தரையில் விழுந்தது.

துப்பாக்கி மாட்டியாயிற்று. த்ரீ பேஸ் கரண்ட் வந்திருக்கும், மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துக்குப் போனான். சும்மா இருக்கலாம் அல்லவா நான்? "ஏட்டையாவே பாராட்டினாரும்மா. அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கானாம்" என்றேன்.

அவள் காப்பி டம்ளரை வைத்தாள். பிறகு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா எறக்கித் தொடைக்க ஆரம்பிச்சுருவாருங்ணா. திட்ட மாட்டாருங்க. கை ஓங்குனதில்லீங்க. எண்ணெயப் போட்டு, என்னையப் பாக்காம, தொடைச்சுட்டே இருப்பாருங்க... நான் 'நீங்க சொல்றதே செரிங்க'ன்னு சொல்ற வரைக்கும்."

"எத்தனை நாளா?"

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி இருந்துங்க."

அந்தப் புள்ளைக்குத்தான் போன வருஷம் கல்யாணம். துப்பாக்கி ஏன் துருப்பிடிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அவன் எந்தச் சட்டத்தை மீறினான், சொல்லுங்கள்? லைசென்ஸ் சரியாக இருக்கிறது. லைசென்ஸுக்காகப் போலீஸ் விசாரிக்க வந்திருந்தால் நல்ல மனுஷன் என்று நானே சொல்லியிருப்பேன். ரோட்டில் எப்படித் தூக்கிக்கொண்டு போகிறான் என்று பார்க்க ஊரே இருக்கிறது. ஹாலில் எப்படித் தொடைக்கிறான் என்று பார்க்க அவள் ஒருத்திதான்... அவளை யாராவது கேட்டார்களா?

"நான் வேணா ஸ்டேஷன்ல பேசிப் பாக்கட்டுமா?"

"என்னன்னுங்ணா சொல்லுவீங்க? துப்பாக்கியத் தொடைக்கறாருன்னா?"

எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள்.

"எழுதுங்க. அவரு பேப்பர்ல ராசிபலனத் தவிர ஒண்ணும் படிக்க மாட்டாருங்க."

தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவன் வந்துவிடுவான். சுலோச்சனா விளக்குமாறை எடுத்துச் சுவரோரம் கிடந்த பச்சைத் தூளைக் கூட்டினாள். கூட்டிக்கொண்டே, நிமிராமல், அவசரமாகக் கேட்டாள்.

"உள்ளாட்சித் தேர்தல் எப்பங்ணா வருது? துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கறப்பத்தானுங்க நான் இந்த ஊட்டுல வாயத் தொறந்து பேசறேன்."

தெரியலம்மா என்றேன். சுவரைப் பார்த்தேன்.

இரண்டு கொக்கியும் இம்மிகூடக் கோணாமல் இருந்தன. பிடித்துக்கொண்டது நான்தானே!