நாற்பது நாளும் நண்டும்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அங்கே படித்ததில் இன்றைக்கும் மறக்காமல் இருப்பது ஞானோபதேசந்தான். தலையான பாவங்கள் ஏழையும் நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். அதில் போசனப்பிரியம் என்ற சொல் மட்டும் எனக்குப் பாவம் மாதிரிப் படவில்லை. கலியாணப் பந்தலில் கேட்கிற சொல் மாதிரி இருந்தது. கருத்துக் கேட்டதற்கு, கண்டபடி தின்னுறது என்று கன்னியாஸ்திரி அம்மா சொன்னார். எங்கள் வீட்டில் ஒன்பது பேர். கண்டபடி தின்ன அங்கே என்ன இருந்தது? அது வேறு ஆட்களின் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் புழங்கிய சொற்கள் வேறு. சட்டியை எட்டிப் பார்த்தால் அவா. கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கொண்டு இருந்தால் சொகுசு. மணக்கிற சவர்க்காரம் கேட்டால் எடுப்பு. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மூன்றில் ஒன்றையும் வாங்கிக்கட்ட எனக்கு விருப்பமில்லை. வாயை மூடிக்கொண்டு வளர்ந்தேன்.

குருநகரில் நான் கலியாணம் செய்து வந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விபூதிப் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும், எல்லாரும் திரு இருதயப் படத்துக்கு முன்னால் நிற்கவேண்டும். தவக்காலம் நாற்பது நாளும் எதை விடுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். மாமி வெற்றிலை. என் வீட்டுக்காரர் சாராயம், அந்த நாற்பது நாளும் இவரோடு கதைக்க ஏலாது. இவருடைய தங்கை, என் மச்சாள், பால்தேத்தண்ணி. நான் சீனி என்றேன். மாமி, பாவம் பிள்ளை என்றார்.

உண்மை என்னவென்றால் சீனி போட்ட தேத்தண்ணி எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. தந்தால் குடிப்பேன், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது நண்டு. அதைச் சொல்ல வெட்கம். விடுகிறேன் என்று சொன்னால் பிடிக்கும் என்பது தெரிந்துவிடும் அல்லவா? ஒவ்வொரு வருஷமும் சீனியையே விட்டேன்.

எங்கள் கரையோர வீடுகளில் இன்னொன்றும் உண்டு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கு. வயல் செய்கிற கமக்காரருக்கு அது எப்படியோ, கடலுக்குப் போகிற ஆட்களுக்கு இறைச்சி விலக்கென்றால் அன்றைக்கு நண்டும் கணவாயுந்தான். முருங்கையிலை போட்டு, உறைப்பாய். ஆசையை அடக்குகிற ஒறுத்தல் நாளிலே ஒழுங்கை முழுக்க மணக்கும். எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, எனக்கென்று ஒளித்துவைத்த ஒரு நண்டோடு குசினிப் படியில் இருப்பேன். யார் கூப்பிட்டாலும் காது கேளாது. கால் காலாக உடைத்து, உறிஞ்சி, ஓட்டை வழித்து முடிக்க ஒரு மணித்தியாலம் ஆகும்.

இப்போது வீட்டில் நானும் மச்சாளுந்தான். இவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல். மச்சாள் கலியாணம் செய்யவில்லை. போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து, கைவிரல்கள் வீங்கி மடங்காமல் நின்றுவிட்டன. கோப்பை பிடிக்கவும் ஏலாது. நான்தான் ஊட்டிவிடுகிறேன். மூன்று வாய்க்கு மேல் முகத்தைத் திருப்பிவிடுவார். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் ஆஸ்பத்திரியில் மறித்துவைத்துச் சேலைன் ஏற்றவேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். போனால் திரும்பி வரமாட்டேன் என்று மச்சாளுக்குப் பயம். வெளியில் சொல்லவில்லையே தவிர எனக்கும் அந்தப் பயந்தான்.

அந்த நாட்களில் கனடாவிலிருந்து மகள் போனில் சொன்னாள்: "அம்மா, நீங்கள் உங்களையும் கொஞ்சம் கவனியுங்கோ. ஆசைப்பட்டதை வாங்கிச் சாப்பிடுங்கோ." எங்கள் காலத்து அவாவுக்கு இப்போது கவனிப்பு என்று பெயர் போலிருக்கிறது. போனை வைத்த பிறகு குசினிப் படியும் நண்டும் ஞாபகம் வந்து எனக்குக் கூச்சமாய்ப் போயிற்று. இந்த வயதிலாவது ஒரு தவக்காலம் உண்மையாய் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

விபூதிப் புதனன்று படத்துக்கு முன்னால் நின்று, "நண்டு" என்றேன்.

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முதல் வெள்ளி பருப்பும் முருங்கையிலை வறையும். அடுத்த வெள்ளியும் அதுதான். மச்சாள் இரண்டு வாயோடு போதும் என்றார். மூன்றாம் வெள்ளி விடிய, தேத்தண்ணியைப் பருக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"மச்சாள், கரைக்கு நண்டு வாறேல்லையே?"

"வருது. நான் விட்டிட்டனெல்லே."

"விட்டது நீர். நானுமோ விட்டனான்?"

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. "ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"கேக்க வெக்கமாக் கிடந்தது. உம்மடை ஒறுத்தலைக் குழப்பக் கூடாதெண்டும் இருந்தன். பால்தேத்தண்ணியை விட்டிட்டு இருக்கிற எனக்குப் பருப்பையும் தந்து கொல்லுறீர்."

உடனே கரைக்குப் போய் இரண்டு நண்டு வாங்கிவந்து காய்ச்சினேன். சொன்ன சொல்லுக்காக உப்புக்கூடப் பார்க்கவில்லை. காலை உடைத்து, சதையை எடுத்து, சோற்றோடு பிசைந்து மச்சாளின் வாயில் வைத்தேன். விரலில் பட்ட குழம்பைச் சீலைத்துண்டில் துடைத்துக்கொண்டேன்.

"உப்புக் கூட" என்றார்.

"நான் வாயிலை வைச்சுப் பாக்கேல்லை."

"அது தெரியுது. கடலிலை கிடக்கேக்கை நண்டுக்கு உவ்வளவு உப்பில்லை."

அப்படிச் சொல்லியும் ஐந்தாறு வாய் இறங்கியது. எனக்கு மனம் ஆறுதலாய் இருந்தது. பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"என்ன, உப்போ?"

"உப்பில்லை. நீர் என்ரை வாயையே பாத்துக்கொண்டிருக்கிறீர். எனக்கு இறங்குதில்லை. நீரும் தின்னும்."

"ஆண்டவருக்குச் சொன்ன சொல் மச்சாள்."

"இவ்வளவு வருசமும் அவருக்குச் சீனியைச் சொன்னனீர். சீனித் தேத்தண்ணி குடிக்கேக்கை உம்மடை முகம் போற போக்கு எனக்குத் தெரியாதோ? அண்ணை ஒருத்தருக்குத்தான் தெரியாது."

நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். முகம் சுட்டது.

"நீர் தின்னாட்டி நானும் தின்னன். ஆஸ்பத்திரியிலை ஏத்தட்டும்."

இதைச் சொல்லிவிட்டு மச்சாள் கையைச் சோற்றுக் கோப்பைக்குள் விட்டார். இரண்டு மாதமாக ஒன்றையும் பிடிக்காத கை. மடங்காத இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு துண்டுச் சதையை இடுக்கினார். அது விழுந்தது. திரும்ப இடுக்கினார். குழம்பு மணிக்கட்டுவரை வழிந்தது. அதை என் வாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருக்க முடியும்?

நான் வாயைத் திறந்தேன்.

உப்புக் கூடத்தான். ஆனாலும் ருசி தெரியவில்லை என்று சொன்னால் பொய். நான் மென்று விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, மச்சாள் தன் வாயைத் திறந்தார். அன்றைக்கு அவர் ஒரு நண்டு முழுதும் சாப்பிட்டார். நான் சாப்பிட்டதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று எனக்கு இன்னும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் அதை எந்தப் பெயரில் சொல்லுவது என்றும் தெரியாது.

கை கழுவிவிடும்போது மச்சாள் சொன்னார்: "அடுத்த வெள்ளிக்குக் கணவாய் வாங்கும். நண்டைத்தான் நீர் விட்டிட்டீரெல்லே."