பதில் சலாம்

இன்று வாப்பாவின் காரில் கேட்கவும் திருப்பிப் பேசவும் கூடிய என் அமெச்சூர் வானொலியைப் பூட்டினேன். ஏரியல் கம்பியை நிறுத்த சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் ஒரு துளை போட வேண்டியிருந்தது.

வாப்பா துளையைத் தடவிப் பார்த்தார். "பின்னேரத்துக்குள்ள இது கதைக்கல்லெண்டா எல்லாத்தையும் கழட்டிப் போடு."

பின்னேரம் கல்முனைக்குடிக் கடற்கரையில் காரை நிறுத்தினோம். கண்டியில் என் கூட்டாளி அன்வர் தன் கருவியின் முன் காத்திருந்தான். மைக்கை வாப்பாவிடம் கொடுத்தேன்.

"பட்டன அமத்திக் கதைங்க வாப்பா."

அமத்தினார். "அஸ்ஸலாமு அலைக்கும்."

பதில் இல்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அப்போதும் இல்லை.

"சலாத்துக்குப் பதில் செல்லாதவனா ஒனக்குக் கூட்டாளி? கழட்டுடா!"

"பட்டன விட்டாத்தான் அவன்ட குரல் வரும் வாப்பா."

"முதல்ல அவன் பதில் செல்லட்டும். பொறகு விடுறன்."

கடைசியில் கோபத்தில் மைக்கை என் மடியில் எறிந்தார். பட்டன் விடுபட்டது.

"வஅலைக்கும் ஸலாம், மாமா! நீங்க ஏசினதெல்லாம் கேட்டிச்சு. நான் நல்ல கூட்டாளிதான்."

வாப்பா என்னைப் பார்க்காமல் மைக்கை எடுத்தார். அன்வரின் உம்மா, வாப்பா, ராத்தாமார் எல்லோரையும் சுகம் விசாரித்தார். ஒரு கேள்விக்கும் பட்டனை விடவில்லை.

கழட்டுகிற பேச்சு நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் கேள்வி கேட்பவர்கள் பதிலுக்கு இடம் விடுகிறார்களா?