செங்கல் என்று சொன்ன சுவர்

வாசலில் யாராவது அளவு டேப்பும் கையுமாக நின்றாலே, வீட்டை இடிக்கத்தான் அளக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்காக எங்கள் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட நாளிலிருந்தே இப்படித்தான். அகலப்படுத்தினால் எங்கள் முன்னறை போய்விடும். மிஞ்சுவது ஓர் அடுப்படியும், ஒரு கட்டில் கொள்கிற அறையும்தான்.

அன்றைக்கு வந்தவள் கட்டடக்கலை படித்த பெண். பழைய வீடுகளைப் பட்டியல் எடுக்கிறார்களாம். பட்டியலில் ஏறிய வீட்டை இடிக்காமல் விடச் சொல்லிக் கேட்பார்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பட்டியலில் ஏற்றுவதற்கு அடுத்த தெருவில் முத்து வியாபாரி கட்டிய மாடி வீடு இருக்கிறது, தேக்குத் தூணும் கலர்க் கண்ணாடியுமாக. என் பூட்டனாரோ தோணியிலிருந்து மூட்டை இறக்கிய கூலி. அவர் கட்டிய ஓட்டு வீட்டில் அப்படி என்ன அருமையைக் கண்டுவிட்டாள்? வேறு எதற்கோ வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

"அங்கிள், இந்தச் சுவர் என்ன கல்லு?" என்று கேட்டாள். என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அது கடலுக்குள்ளிருந்து வெட்டிய பவளப்பாறைக் கல். அந்தக் காலத்தில் செங்கல் வாங்க வக்கில்லாதவர்கள் அதில்தான் கட்டினார்கள். மேலே சிமென்ட் பூசியிருந்ததால் சட்டென்று தெரியாது. இப்போது அந்தக் கல்லை எடுப்பது குற்றம். வீட்டில் ஒரு துண்டு கிடந்தாலே கேஸ் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். துண்டுக்கே கேஸ் என்றால் முழு வீட்டுக்கு?

"செங்கல்" என்றேன்.

"நல்லாத் தெரியுமா அங்கிள்?"

துருவித் துருவிக் கேட்கிறாளே என்று எரிச்சலாக வந்தது. "நான் பொறந்து வளந்த வீடு. எனக்குத் தெரியாதா?"

என் மனைவி எட்டிப் பார்த்து, "உள்ள வந்து பாக்கட்டுமே. ஒரு வாய் காப்பியும் குடிச்ச மாதிரி ஆச்சி" என்றாள். "நீ சும்மா கெட" என்று அதட்டினேன். சுவர் செங்கல் என்று எழுதி அந்தப் பெண் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். படித்தவளையே மடக்கிவிட்டேன் என்று அன்று முழுக்க ஒரே பெருமை.

சில மாதங்களில் பட்டியல் வந்தது. முத்து வியாபாரியின் வீடு இருந்தது, எங்கள் வீடு இல்லை. அடுத்த வாரமே எங்கள் முன்னறைச் சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பணக்காரன் ஏதோ செய்து உள்ளே புகுந்துவிட்டான் என்று ஆத்திரம் பொங்கியது. பட்டியல் எடுத்தவர்களின் அலுவலகத்தைத் தேடிப் போய், "கூலிக்காரன் வீடுன்னா ஒங்களுக்கு அவ்வளவு எளப்பமா?" என்று கத்தினேன்.

அந்தப் பெண்தான் இருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். என் கையெழுத்திருந்த தாளை எடுத்து வைத்தாள்.

"ஜன்னல் ஓரத்துல பூச்சு உதிர்ந்திருந்துச்சு அங்கிள். பவளக்கல்லை அன்னைக்கே பாத்துட்டேன். கூலிக்காரங்க கட்டின வீடு அந்தப் பக்கத்துல ஒங்களோடது ஒண்ணுதான் மிச்சம். அதைத் தேடித்தான் வந்தேன். வீட்டுக்காரங்களே பவளக்கல் இல்லன்னு சொன்னா நாங்க எழுத முடியாது. அதான் ரெண்டாம் தடவையும் கேட்டேன்."

"கேஸு...?" என்று இழுத்தேன்.

"அந்தக் காலத்து வீட்டுக்கு யாரு அங்கிள் கேஸ் போடப் போறா?"

இனி மாற்ற முடியுமா என்று கேட்டேன். பட்டியல் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி முடியாது என்றாள். அவளை நம்பாதது ஒரு பக்கம் இருக்கட்டும். மூட்டை சுமந்தவர் வீட்டைத் தேடி ஒருத்தி வருவாள் என்று எனக்கே நம்பிக்கை இல்லாமல் போயிற்றே, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாவ?"

"கேஸ் ஒண்ணும் கெடையாதாம்" என்றேன்.

"அது சரி, வீடு?" என்றாள்.