குணமண்ணையின் ஊசி

பல்லாரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, குணமண்ணை போய்விட்டார் என்று போன் வந்தது. நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவரைச் சாகடிப்பதில் நம் சனம் கெட்டிக்காரர். அவருடைய மனைவிக்கே போன் எடுத்தேன். அக்காவின் அழுகையைக் கேட்ட பிறகுதான் பையைக் கீழே வைத்தேன்.

உங்களுக்கு அவரைக் கோயிலில் பொங்கல் பரிமாறுகிறவராகத் தெரியும். எனக்கு அவர் கராஜில் என்னோடு வேலை செய்தவர். கல்யாண ஊர்வலத்துக்கு ஓடும், நூறு வயதை எட்டிய ஆடம்பரக் கார்கள் எங்களிடம் வரும். பார்க்கப் பளபளப்பு, ஏறினால் மாட்டுவண்டியே மேல். ஸ்பிரிங்கில் அடுக்கிய வில்லுத் தகடுகள் துருவேறி இறுகியிருக்கும். அண்ணை அவற்றைப் பிரித்துச் சுரண்டி, கிறீஸ் பூசி, தூசி புகாமல் தோலுறை தைத்து மூடுவார். பிறகு என்னை ஓட்டவிட்டு, அல்பெர்கேரியாவின் கல் பாவிய சந்துகளில், பின்சீட்டில் இருந்தபடி ஊசியில் நூல் கோப்பார். கோத்தால்தான் வேலை முடிந்தது.

“கலியாணப் பொம்பிளை உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு போவா. கோடு கோணப்படாது” என்பார்.

நான் லேசில் ஒருவரையும் நம்பாதவன். அவர் எப்போதும் மூலையில், எனக்கு முதுகைக் காட்டியே தைப்பார். அதுவே என்னை உறுத்தியது. ஒருநாள் ஒரு காரிலிருந்த சின்ன வெள்ளிச் சாம்பல்தட்டைக் காணவில்லை. எங்கும் தேடியாயிற்று. அன்றுதான் அண்ணை அந்தக் காருக்கு உறை தைத்து முடித்திருந்தார். உறைக்குள் வைத்துத் தைத்திருப்பார் என்று முதலாளியின் காதில் நான்தான் ஓதினேன். உறையைக் கிழித்தார்கள். உள்ளே கிறீஸ் மட்டும் இருந்தது. அப்படியும் அவருடைய பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் தரவேண்டிய வேலைக் கடிதத்தை முதலாளி நிறுத்திவைத்தார். அது இல்லாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டே போகவேண்டியதுதான். மூன்றாம் நாள், தட்டை மினுக்கக் கொடுத்திருந்ததை மறந்துவிட்டேன் என்று லிபெர்த்தா வீதியிலிருந்து காரின் சொந்தக்காரச் சின்யோரா அழைத்துச் சொன்னார். கடிதம் கிடைத்தது.

கிழித்த உறையை அண்ணை அதே மூலையில் மறுபடி தைத்தார். அன்று பக்கத்தில் போய் நின்றேன். அங்கேதான் யன்னல் இருந்தது. கண் மங்கத் தொடங்கிய மனிதர் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

பல வருடம் கழித்து, காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அவரிடமே சொன்னேன். அவர் சியாகுல்லி மாண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஓம், அண்டைக்கே தெரியும். நீ பக்கத்திலை பாத்துக்கொண்டு நிண்டபடியால்தான் ரெண்டாந்தரம் வடிவாத் தைச்சனான்.”

பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினார். இதில் ஏதும் குத்தல் இருக்குமோ என்றுதான் அப்போதும் யோசித்தேன். என் புத்தி அப்படி.

அக்கா தந்த அண்ணையின் ஊசி இப்போது என்னிடம் இருக்கிறது. செத்தவீடு முடிந்த மறுநாள், அண்ணை கடைசியாக உறை தைத்த காரை முதலாளி ஓட்ட, பின்சீட்டில் நான் இருந்தேன். மூன்று சந்து கடந்தும் நூல் நுழையவில்லை. உறையைப் பிரித்துப் பார்ப்போமா என்று முதலாளி கேட்டார்.

வேண்டாம் என்றேன். அவர் தைத்ததில் எனக்குச் சந்தேகமில்லை.