மாவு பொங்குற மூலையில் அறுபது குஞ்சு

அன்னைக்கு என் ரொட்டி ஏன் தட்டையா இருந்ததுன்னு கரமனையில இன்னும் கேக்கிறாங்க. கேட்டா எனக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். எல்லாம் ரத்னாபாய் அக்கா பண்ணின வேலை.

எங்க பேக்கரியோட பின்சுவரை ஒட்டி அக்கா வீடு. சாலைக் கடைத்தெருவுல ஒரு துணிக்கடையில வருஷக்கணக்கா நின்னு நின்னு துணி கிழிச்சுக் குடுத்தவங்க. முட்டி கேக்காம போனதும் வேலையை விட்டுட்டு, முற்றத்துல கோழி வளர்க்க இறங்கிட்டாங்க. ஆள் ஒத்தை, வாய் மட்டும் ஒம்பது பேருக்கு உண்டு. அவங்க கோழி என் மைதா சாக்குல ஏறினா நான் கத்துவேன். "சும்மா கெடலே பிரபின், உன் பன்னை எங்க கோழி தொடுமா? அதுக்கும் நாக்கு உண்டு"ம்பாங்க.

போன வருஷம் கர்க்கடக மாச மழையில, அதாவது நம்ம ஆடியில, அவங்க முதல்முதலா வாங்கின குஞ்சு மொத்தமும் குளிர்ல விறைச்சுப் போச்சு. அக்கா ரெண்டு நாள் அடுப்பே பத்த வைக்கல. சார்ஜாவில நர்ஸா இருக்கிற மக ரெம்யா பிடிச்ச பிடியா நின்னா: "தனியா கெடந்து எதுக்கும்மா இந்தப் பாடு? என்கூட வந்திரு." கடைசியில அக்கா வாக்குக் குடுத்தாங்க. இன்னும் ஒரே ஒரு தடவை, அதுவும் போச்சுன்னா கூட்டை வித்துட்டு பிளேன் ஏறிடுறேன்னு. அவங்களும் போயிட்டா சண்டை போட எனக்கு வேற யாரு இருக்கா?

இந்த வருஷம் அறுபது குஞ்சு. இறகு முளைக்கிற வரைக்கும் அதுக்கு உடம்புல சூடு நிக்காது, மேல பல்பு எரியணும். குளிர்ந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கத்தி ஊரைக் கூட்டும், அடியில மாட்டினது நசுங்கிடும். சூடு கூடினா வாயைப் பொளந்துட்டு பல்பை விட்டு ஓடும். அக்கா குஞ்சு நிக்கிற நிலையைப் பாத்தே பல்பை ஏத்தி இறக்குவாங்க.

அப்படியே போயிட்டிருக்கும்போது ஒரு மத்தியானம் பேய்மழை. மரம் சாஞ்சு கம்பி அறுந்து கரண்ட் போச்சு. நான் மாவு பிசைஞ்சு வச்சுட்டு நிமிர்றேன், தலையில அட்டைப்பெட்டியோட அக்கா தெப்பலா நனைஞ்சு உள்ள பாயுறாங்க. பெட்டிக்குள்ள ஒரே கூப்பாடு.

"லே, உன் போர்மா சும்மாதானே எரிஞ்சுட்டுக் கெடக்கு? தள்ளு!"

போர்மான்னா ரொட்டி சுடுற எங்க பெரிய விறகு அடுப்பு. அதுக்குக் கரண்ட் வேண்டாம்.

"அக்கா, கோழிக்கு இங்க என்ன வேலை?"

"சாவப்போகுதுலே!"

அந்தக் குரலைக் கேட்டதும் நானும் ஒரு கை பிடிச்சேன். பெட்டியை அடுப்பு வாசல்கிட்ட வச்சோம். கொஞ்ச நேரத்துல குஞ்செல்லாம் ஒரே மூலையில போய் முட்டிச்சு. ஐயோ இன்னும் குளிருது போலன்னு நான் பெட்டியை நெருக்கித் தள்ள, கையில விழுந்தது ஒரு அடி. "கண்ணு தெரியலியா? வாயைப் பொளந்துட்டு நிக்கிறதைப் பாரு. சூடு தாங்காம ஒதுங்குது!" கடை வாசப்பக்கம் இழுத்தா மறுபடி ஏறி மிதிச்சுக் கத்தல். அங்க வச்சா வேகுது, இங்க வச்சா விறைக்குது. ஒரு குஞ்சு துவண்டு விழுந்துடுச்சு. அக்கா அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சோட சேர்த்து வச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டாங்க. "இதுவும் போச்சுலே. நான் போறேன், மககிட்டயே போறேன்."

அப்பதான் என் மண்டையில உறைச்சுது. மாவு! அதுவும் இப்படித்தானே? குளிர்ந்தா எழும்பாது, சூடு கூடினா ஈஸ்ட் செத்துடும். மாவு பொங்கன்னே போர்மாவுக்குப் பின்னால ஒரு மூலை வச்சிருக்கேன், அங்க சுவரைத் தொட்டா ஆள் கையைப் பிடிச்ச மாதிரி இருக்கும். அங்க இருந்த மாவுத்தட்டு அத்தனையும் தூக்கி வெளிய வச்சேன். சாயங்கால ரொட்டி நாசமாப் போகட்டும்! பெட்டியை அந்த மூலையில இறக்கினோம்.

மூச்சு விடாம பாத்தோம். குவியல் மெல்லப் பிரிஞ்சுது. ஒண்ணு தனியா நடந்து போச்சு. ஒண்ணு காலை நீட்டி, குட்டி றெக்கையை விரிச்சுப் படுத்துது. பெட்டி நிறையப் பரவி ஒவ்வொண்ணா கண்ணை மூடிச்சு. சத்தியமா சொல்றேன், கரிக்கையோட குதிச்சேன் நான். திடீர்னு அக்கா "ஆ!"ன்னு துள்ளினாங்க. ஜாக்கெட்டுக்குள்ள இருந்தது கொத்திடுச்சு!

அந்த நேரம் பாத்து ரெம்யா போன். "அம்மா, அங்க கரண்ட் இல்லியாமே. குஞ்செல்லாம் என்னாச்சு?"

அக்கா ஸ்பீக்கரைப் போட்டு போனைப் பெட்டிக்குள்ள நீட்டினாங்க. அந்தப் பக்கம் ரெம்யா காது கொடுத்துக் கேட்டா. அப்புறம் விம்மி அழ ஆரம்பிச்சா.

"ஒரு சத்தமும் கேக்கலியே அம்மா. எல்லாம் போயிடுச்சா?"

"சத்தம் கேட்டாத்தான் பயப்படணும் மக்ளே," அக்கா போனைக் காதுல வச்சு, குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க. "சூடு கிடைச்சு எல்லாம் உறங்குது. நீ டிக்கெட் போடாத."